பொன்னுருவியின் அரைப்பக்கம்

போன மாதம் கவிதா வீட்டுக்கு வந்திருந்தாள். பெரம்பலூரில் நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த அச்சகத்தில் டைப்பிங் பிரிவுக்கு இப்போது அவள்தான் மூத்தவள். தண்ணீர் குடித்துவிட்டு, கைபேசியை எடுத்து ஸ்டூல் மேல் வைத்து எதையோ அழுத்தினாள். ஒரு பெண் குரல் தமிழ் படித்தது. திக்காமல், மூச்சு வாங்காமல் படித்துக்கொண்டே போனது.

"இப்ப உங்க வேலையை இதுதாண்ணே பாக்குது. டைப் அடிச்சதை இது படிக்கும். நான் கையெழுத்துப் பிரதியை வெச்சுக்கிட்டு ஒப்புப் பாப்பேன். தொண்டை கட்டாது, லீவு கேக்காது, ஒரு வரி விட்டுட்டுப் போகாது. உங்களை மாதிரியே."

கடைசியாகச் சொன்னதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. என் மனைவி தனலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அச்சகத்துக்கு மலர் போடுறோம்ணே. பழைய ஆளுங்க எல்லாரும் எழுதுறாங்க. நீங்களும் ஏதாவது எழுதிக் குடுங்க, நானே டைப் அடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பேசவும் வராது. நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆளாக நிற்கக் கூசும். அதனால் எழுதுகிறேன். எழுதிக் கொடுத்த பிறகு கவிதா என் முகத்தில் விழிப்பாளா என்ற பயம் இதை எழுதும்போதே இருக்கிறது.

என் வேலைக்குக் காப்பி ஹோல்டர் என்று பெயர். எழுதியவரின் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு நான் உரக்கப் படிப்பேன். அச்சுக்குப் போகப் போகிற ப்ரூஃப் தாளை வைத்துக்கொண்டு ப்ரூஃப் ரீடர் அதைக் கேட்டுக்கொண்டே திருத்துவார். காது கேட்பதும் கண் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு மையில் ஒரு குறி விழும். அவ்வளவுதான் வேலை.

பூலாம்பாடியிலிருந்து வந்து அச்சகத்தில் காகிதக் கட்டு தூக்கிக்கொண்டிருந்தவன் நான். ஒரு நாள் கட்டின் மேல் சுற்றியிருந்த பழைய நோட்டீசை எனக்குள்ளே படித்துக்கொண்டு போனேன். அது அந்தோணிசாமி சார் காதில் விழுந்துவிட்டது. "நீ வா" என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எழுந்திருக்க முப்பத்தோரு வருஷம் ஆனது. முதல் இரண்டு வருஷம் வாங்கிய திட்டை எழுத இந்த மலர் போதாது.

அந்தோணிசாமி சாருக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறி வருவார், சனிக்கிழமை போவார். அரைக்கை வெள்ளைச் சட்டை. மேசையில் சிவப்புப் பேனா, முக்கால் அடி மரஸ்கேல், ஒரு சொம்பு சுக்கு வெந்நீர், இவற்றைத் தவிர ஒரு தூசி இருக்கக்கூடாது. ப்ரூஃப் தாளில் ஸ்கேலை வைத்து, பார்க்கிற வரியை மட்டும் விட்டுவிட்டுக் கீழே உள்ளதை மறைத்துக்கொள்வார். நான் ஒரு வரி படித்து முடித்தால் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் முந்தின வரியிலிருந்து திரும்பப் படி. தட்டாமல் விரலை மட்டும் அசைத்தால் தொடர்ந்து போ. ஒரு நாள் முழுக்க இதிலேயே ஓடிவிடும். பேச்சே இருக்காது. எனக்கு அந்த அறை பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

கமா, முற்றுப்புள்ளி, மேற்கோள் திறப்பு, மேற்கோள் மூடல், புதுப் பத்தி, எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகையானாலும் கருமாதிப் பத்திரிகையானாலும் ஒரே குரல்தான்.

"ராகம் போடாத தம்பி. நீ அழுதா எனக்குக் கதை கேக்கத் தோணும். கதை கேட்டா எழுத்து கண்ணுல படாது. நமக்கு எழுத்துதான் வேலை, கதை நமக்கு இல்ல" என்பார்.

அவரே அதை மீறியது ஒரே ஒரு தடவை. அது பொன்னுருவியால் நடந்தது.

பொன்னுருவி ஒரு கதைப் பாத்திரம். எழுதியவர் ஜெயங்கொண்டத்தில் இருக்கும் சௌந்தரம் அம்மா. கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரண்டு மாதத்துக்கு ஒரு கதை எழுதுவார். சின்னப் புத்தகமாகப் போடுவோம், பஸ் ஸ்டாண்டு கடைகளில் போகும். எழுபத்தோரு வயதுப் பொன்னுருவி, அவள் கூட்டாளிகள் கமலம், செல்லம்மாள், மூன்று கிழவிகளும் முந்திரிக்காட்டு ஓரத்தில் காப்பிக்கடை வைத்திருக்கிறார்கள். கடைக்குள்ளே மனிதர்கள் உட்கார்ந்து குடிப்பார்கள். வெளியே ஒரு பெஞ்சு உண்டு. அது மற்றவர்களுக்கு. முனி வரும், பேய் வரும், பேர் தெரியாத சிலதும் வரும். கல்லாவில் ஒரு கல் நத்தை இருக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்திலிருந்து பொன்னுருவி எடுத்து வந்தது. இந்த ஊரெல்லாம் கடலாக இருந்த காலத்துச் சங்கதிகளை அது எப்போதாவது சொல்லும், அதுவும் காப்பி திக்காக இருந்தால் மட்டும். அந்தக் கதைகளில் யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள், சாபம் விட மாட்டார்கள். வந்தவருக்கு என்ன குறை என்று கேட்டு, காப்பி ஆற்றிக் கொடுத்து, குறை தீர்த்து அனுப்புவார்கள்.

முதல் கதையில் ஒரு பேய் வந்து முட்டி வலிக்கிறது என்று அழும். "காலே தரையில படல, அப்புறம் உனக்கு முட்டி எதுக்குடி வலிக்குது?" என்று பொன்னுருவி கேட்பாள். "பழக்கதோஷம்" என்று பேய் சொல்லும். அதை நான் ஒரே குரலில்தான் படித்தேன். அந்தோணிசாமி சார் ஒரு தட்டு தட்டினார். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அந்தப் பக்கத்தில் மூன்று பிழைகளை விட்டுவிட்டோம்.

ஆறு வருஷம் பொன்னுருவியை நான் வாய்விட்டுப் படித்தேன். வெளியே யாரோடும் பேசாத எனக்கு நாளெல்லாம் அவள் பேச்சுத்தான் பேச்சு. வீட்டுக்குப் போய்த் தனத்திடம் கதையைச் சொல்வேன். "அந்த அம்மா சொன்ன மாதிரியே சொல்றீங்களே, நீங்களா பேசுறது?" என்று சிரிப்பாள்.

சௌந்தரம் அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதையைப் பேனாவில் எழுதுவார். பிறகு படித்துப் பார்த்து, வேண்டாம் என்று தோன்றுகிற பத்தியின் ஓரத்தில் மேலிருந்து கீழே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இழுப்பார். கோட்டின் கடைசியில் சின்னதாக ஒரு சுழி. ஒரு தடவை நோட்டைக் கொடுக்க வந்தபோது அவரே அதை எனக்குக் காட்டினார்.

"தெரிஞ்சுதான் அடிச்சேன்னு எனக்கே ஒரு அடையாளம் தம்பி. எங்க அக்காவுக்குக் கடைசியில ஞாபகம் முழுக்கப் போயிடுச்சு. நான்தான் கூட இருந்தேன். நீ யாரு புள்ளன்னு என்னையே கேட்டா. எனக்கும் அது வரும்னு ஒரு பயம் உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கு. அதான் ஏறுற பஸ்ஸோட நம்பரைக்கூட எழுதி வெச்சுக்குவேன்."

பென்சில் கோடு டைப் அடிப்பவர்கள் கண்ணுக்கு எளிதில் தெரியாது. கோடு போட்ட பத்தியையும் சேர்த்து டைப் செய்துவிடுவார்கள். நான் படிக்கும்போது அந்த இடம் வந்தால் "அடிச்சது சார்" என்பேன். அவர் ப்ரூஃபில் அந்தப் பத்தியைச் சிவப்பில் குறுக்கே அடித்து நீக்கிவிடுவார். ஒரு புத்தகத்துக்கு நாலைந்து இடமாவது அப்படி வரும். என் வார்த்தையை அவர் ஒரு தடவையும் நோட்டை வாங்கிச் சரிபார்த்தது கிடையாது.

நான் சொல்ல வந்தது நடந்து எட்டு வருஷம் இருக்கும். தனத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலையில் ஆபரேஷன். "இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க, எனக்குப் பயமாருக்கு. வேலைக்குப் போயிட்டு வாங்க" என்று அவள்தான் விரட்டினாள். அவள் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குப் பொன்னுருவி கதையின் கடைசிப் பக்கங்கள். படிக்கிறவனுக்குக் கண் எப்போதும் வாய்க்கு ஒரு வரி முன்னால் போகும். வாய் ஒரு பத்தியை முடித்துக்கொண்டிருந்தபோது கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"பொன்னுருவி கண்ணை மூடினாள், திறக்கவில்லை."

நாளைக் காலையில் தனத்துக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். அவளும் கண்ணை மூடுவாள். இந்த வரியை இன்றைக்கு என் வாயால் சொல்லக் கூடாது என்று தோன்றியது. சொன்னால் நடந்துவிடும் என்றே நம்பினேன். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனம். அந்த நாற்காலியில் அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அதற்குக் கீழே அரைப்பக்கம் இருந்தது. கண்ணை அதில் ஓட விடாமல் தாண்டி, அடுத்த புதுப் பத்திக்குப் போய்விட்டேன். "புதுப் பத்தி. மறுநாள் விடியும்போது கமலமும் செல்லம்மாளும் கடையைத் திறந்தார்கள், முற்றுப்புள்ளி."

ஒரு தட்டு.

"தம்பி, இங்க வேற என்னமோ இருக்கே. நடுவுல அரைப்பக்கம்."

"அடிச்சது சார்."

"முழுசாவா?"

"ஆமா சார். பென்சில்ல."

ஸ்கேலுக்குக் கீழே இருப்பதைப் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. எழுத்துதான் வேலை, கதை இல்லை. சிவப்புப் பேனாவால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து நீக்கினார். விரலை அசைத்தார். மிச்சம் ஏழெட்டு வரிதான். வெளிப் பெஞ்சைத் துடைக்கிறார்கள், முதல் காப்பியைக் கமலம் வெளிப் பெஞ்சுக்குக் கொண்டுபோகிறாள், கதை முடிகிறது. ஒரு கமா விடாமல் படித்தேன்.

மத்தியானம் திருத்தம் போடும்போது கவிதா ப்ரூஃபைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"சார், இந்த அரைப்பக்கம் அடிச்சதுன்னு போட்டிருக்கீங்க. நான் டைப் அடிக்கிறப்ப பாத்தேன் சார். கோடு இல்லையே."

"இல்லாமயா இவரு படிக்காம விட்டாரு? தம்பி, அந்த நோட்டை எடுத்துட்டு வந்து இந்தப் புள்ளைக்குக் காட்டு."

நோட்டு உள் அலமாரியில் இருந்தது. போகவும் வரவும் இருபது எட்டு இருக்கும். அலமாரிக் கதவின் மறைவில் நின்று, சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து, அந்த அரைப்பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். அவசரத்தில் கோடு அழுத்தமாக விழவில்லை. மெலிதாக, அந்த அம்மா போட்டது போலவே விழுந்தது. அப்போதும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை.

கவிதா நோட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியா? கண்ணை வூட்டுல வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார் சார்.

"அப்ப எனக்குத்தான் தெரியாமப் போச்சு சார்" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது.

நான் என் இடத்தில் உட்கார்ந்து அடுத்த பிரதியை எடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தனம் கண் விழித்து முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களா?" அந்த அரைப்பக்கத்தைப் படிக்காததால்தான் அவள் பிழைத்தாள் என்று எனக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. அது தப்பு என்று தெரியும். ஆனாலும் உண்மையை வெளியே சொன்னால் அந்தக் கணக்கு திரும்பிக்கொள்ளுமோ என்று பயந்தேன். தனம் படுக்கையில் புரண்டு படுத்தால்கூட எனக்குத் திக்கென்று இருக்கும்.

புத்தகம் வெளியே போய் மூன்று வாரத்தில் சௌந்தரம் அம்மா அச்சகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, புத்தகம், வாசகர்கள் எழுதிய கார்டுகள் ஐந்தாறு.

"என்னங்க சார் இது? பொன்னுருவி எங்க போனா, முதல் காப்பி யாருக்குன்னு எல்லாரும் கேக்குறாங்க. நடுவுல அரைப்பக்கத்தைக் காணோமே. கதையே அதுலதான இருக்கு."

"நீங்கதானம்மா அடிச்சிருந்தீங்க."

"நானா? நான் எதுக்கு அதை அடிக்கிறேன்?"

சார் என்னைப் பார்த்தார். நான் போய் நோட்டை எடுத்து வந்து, பக்கத்தைத் திறந்து அந்த அம்மா முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கோட்டின் மேல் விரலை வைத்தார். விரல் பாதி வரை இறங்கி நின்றுவிட்டது.

அந்த முகத்தை நான் எழுத மாட்டேன். அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நான்தான் அடிச்சிருக்கேன். ஞாபகம் இல்ல" என்றார். பிறகு சாரைப் பார்த்து, "இன்னிக்கு என்ன கிழமைங்க?" என்று கேட்டார். சார் புதன்கிழமை என்றார். "புதன். சரியாத்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, மறந்து வைத்த குடையை எடுத்துக்கொண்டார். யாரும்தான் குடையை மறப்பார்கள். அவர் அந்தக் குடையை என்னவோ பாம்பைப் பிடித்தது போலப் பிடித்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கலாம். தனத்தை நினைத்து மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஆயிற்று, புது நோட்டு வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. அந்தோணிசாமி சார் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இனி எழுதப் போவதில்லை, தனக்கும் அக்காவுக்கு வந்தது ஆரம்பித்துவிட்டது, தனியாக இருப்பது சரியில்லை என்று தம்பி மகன் வந்து திருச்சிக்குக் கூட்டிப்போகிறான், ஜெயங்கொண்டத்து வீட்டை இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று எழுதியிருந்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

"நல்லாத்தான இருந்தாங்க" என்றார் சார். அன்றைக்கு அவர் சுக்கு வெந்நீரைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தனம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "மூணு மாசமா ஒரு மாதிரியாத்தான் இருக்கீங்க. இன்னிக்குச் சொல்லாம எந்திரிக்கக் கூடாது." எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உயிரைப் பற்றி நான் போட்ட கணக்கையும் சொன்னேன்.

கோபம் வரும் என்று நினைத்தேன். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"ஏங்க, டாக்டரு கத்தி வெச்சு, தையல் போட்டு, நான் வலி தாங்கி எந்திரிச்சு வந்திருக்கேன். என் உசுரை எதுக்கு அந்தம்மா நோட்டுல கொண்டுபோய் முடிஞ்சு வெச்சீங்க? அவங்க வாழுற வூட்டைக் காலி பண்ணித்தான் நான் உசுரோட இருக்கணுமா? நாளைக்கே போங்க."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அரியலூர் போய், அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன். முன்னால் சிமெண்டு லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பஸ் நின்று நின்று போனது. நிற்கும்போதெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் கமா, முற்றுப்புள்ளியோடு படித்துக்கொண்டே போனேன்.

சௌந்தரம் அம்மா வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியிருந்தது. அலமாரி, டப்பா, சுவிட்சு எல்லாவற்றிலும் துண்டுத் தாள் ஒட்டியிருந்தார். உப்பு. சர்க்கரை. பின்கட்டு விளக்கு. தனக்குத்தானே எழுதி ஒட்டிக்கொண்டது.

"வா தம்பி. பாரு, உன் பேரு ஞாபகம் இருக்கு" என்று சொல்லி, பேரைச் சரியாகச் சொன்னார். சிரிக்கவும் செய்தார். நின்றபடியே சொன்னேன். வழியில் படித்து வைத்தது ஒன்றும் வரவில்லை. "நீங்க அடிக்கலம்மா, நான்தான் கோடு போட்டேன்" என்பதை மட்டும் மூன்று நாலு தடவை சொன்னேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"உனக்கு நல்ல மனசு தம்பி. கிழவி பயப்படுறாளேன்னு பழியை நீ எடுத்துக்கிறதுக்கு வந்திருக்க. பொன்னுருவி கதையில கமலம் இப்படித்தான் பொய் சொல்லுவா. நானே எழுதினதுதான்."

"இல்லம்மா, சத்தியமா நான்தான்."

"சரி, நீதான். காப்பி குடிக்கிறியா?"

என்னை நம்பவில்லை. நான் உண்மையைச் சொல்ல வந்த ஒரே நாளில் அது அன்பான பொய்யாகிவிட்டது. இப்படியே போனால் அவர் திருச்சிக்குப் போய்விடுவார். துண்டுத் தாள் ஒட்டி ஒட்டியே மிச்சக் காலத்தைக் கழிப்பார். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை என்று எழுதிய சீட்டில், வேறு என்னவோ எழுதி, அதைப் பென்சிலால் அடித்திருந்தார். கோட்டின் கடைசியில் ஒரு சின்னச் சுழி.

"அம்மா, அந்த நோட்டு எங்க?"

"எதுக்கு? நான் அதைத் திறக்கிறதே இல்ல."

"ஒரே ஒரு தடவை திறங்கம்மா."

துணிமூட்டைக்குள்ளிருந்து எடுத்தார். திறக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் திறந்தேன். அதே நோட்டில் அவர் அடித்த மற்ற நாலு இடங்களைக் காட்டினேன். நாலு கோட்டிலும் சுழி இருந்தது. பிறகு அந்த அரைப்பக்கம். கோடு நேராக இறங்கி அப்படியே நின்றிருந்தது.

"தெரிஞ்சு அடிச்சா சுழி போடுவேன்னு நீங்கதான எனக்குக் காட்டினீங்க? இதுல இல்லம்மா. அவசரத்துல நான் போட மறந்துட்டேன்."

அவர் ஜன்னலுக்குப் போனார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார், திரும்ப முதலிலிருந்து பார்த்தார். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

"பாவி" என்றார். "படுபாவி. மூணு மாசம். ராத்திரி பகல் இல்லாம நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன். ஒரு கார்டு போட உனக்குக் கை வரலையா?"

அவர் அழுதார், திட்டினார், நடுவில் ஒரு தடவை சிரித்தார். பிறகு சர்க்கரை டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்து எறிந்தார்.

"எதுக்குடா அப்படிச் செஞ்ச?"

தனத்தின் ஆபரேஷனைச் சொன்னேன். பொன்னுருவி சாவதை என் வாயால் சொல்லப் பயமாக இருந்தது என்றேன்.

"முழுசாப் படிச்சியா?"

"இல்லம்மா. முதல் வரியோட சரி."

"இந்தா, இப்பப் படி. அச்சகத்துல படிக்கிற மாதிரி. ஒண்ணு விடக் கூடாது."

நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். சார் தட்டுவதை அச்சகத்தில் அவர் பார்த்திருக்கிறார். பேனா இல்லை, விரலால்தான் நாற்காலிக் கையில் தட்டினார். படித்தேன்.

"புதுப் பத்தி. பொன்னுருவி கண்ணை மூடினாள், கமா, திறக்கவில்லை, முற்றுப்புள்ளி. கமலம் உலுக்கினாள், முற்றுப்புள்ளி. செல்லம்மாள் காலைத் தேய்த்தாள், முற்றுப்புள்ளி. கல் நத்தை ஒன்றும் சொல்லவில்லை, முற்றுப்புள்ளி. புதுப் பத்தி. கொஞ்ச நேரம் கழித்து வெளிப் பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், முற்றுப்புள்ளி. மேற்கோள் திறப்பு. அடி கமலம், கமா, அடி செல்லம்மா, கமா, எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன், முற்றுப்புள்ளி. ஊருக்கே ஆத்திக் குடுத்தேன், கமா, எனக்கு ஒரு காப்பி ஆத்தித் தர ஆளில்லையா, கேள்விக்குறி, மேற்கோள் மூடல்."

அவர் இரண்டு தட்டு தட்டினார். முந்தின வரியிலிருந்து திரும்பப் படித்தேன்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுறா பாத்தியா?" என்றார். "எங்க அக்கா கடைசி வரைக்கும் என் பேரைச் சொல்லலடா. அதுக்குத்தான் இந்த அரைப்பக்கத்தை எழுதினேன்."

மிச்சம் மூன்று வரி இருந்தது. சர்க்கரை போடட்டுமா என்று கமலம் கேட்கிறாள். "செத்தவளுக்கு என்னடி சர்க்கரை வியாதி, ரெண்டு கரண்டி போடு" என்கிறாள் பொன்னுருவி. அதையும் ஒரே குரலில்தான் படித்தேன். படித்து முடித்த பிறகுதான் அழுதேன்.

சாகிறாள் என்று பயந்து நான் வெட்டினேன். அவள் எங்கும் போகாமல் வெளிப் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்த இடமே அதுதான்.

சௌந்தரம் அம்மா திருச்சிக்குப் போகவில்லை. அடுத்த கதை வந்தது. அதில் பொன்னுருவி வெளிப் பெஞ்சில்தான் இருப்பாள். இரண்டாம் பதிப்பில் அரைப்பக்கம் அதன் இடத்துக்குப் போய்விட்டது. அந்தோணிசாமி சாரிடம் அந்த வாரமே சொன்னேன். மூன்று நாள் அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை, தானே படித்துத் தானே திருத்தினார். நாலாம் நாள் விரலை அசைத்தார். உட்கார்ந்தேன். "அந்தப் புள்ளைகிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். சரி சார் என்றேன். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிற அன்றும் கேட்டார். இன்னும் சொல்லவில்லை சார் என்றேன். பிறகு எனக்குத் தொண்டையில் கட்டி வந்து, உரக்கப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, ஐம்பது வயதில் நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

கவிதா, இதை நீதான் டைப் அடிப்பாய். அந்த நாளுக்கு அப்புறம் எந்தக் கையெழுத்துப் பிரதி வந்தாலும் ஒவ்வொரு தாளையும் ஜன்னலுக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நீ உட்காருவாய். எத்தனையோ வருஷம் பக்கத்து அறையிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தாள்களையும் அப்படித்தான் பிடித்துப் பார்த்திருப்பாய். இனிமேல் வேண்டாம்மா. அன்றைக்கு நீ பார்த்தபோது அங்கே கோடு இல்லை. உன் கண் சரியாகத்தான் பார்த்தது.